பின்வரிசை அண்ணையின் சிரிப்பு

உங்கள் ஸ்டூடியோவுக்குப் போன மாதம் வந்திருந்தேன். நல்ல குளிர், நல்ல நாற்காலி, ஒருவரும் ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை. எங்கள் காலத்தில் இந்த மூன்றும் கிடையாது. ஒரு பிள்ளை கணினியில் 'சிரிப்பு' என்று தட்டினாள். சின்னச் சிரிப்பு, பெரிய சிரிப்பு, பெண்கள் மட்டும் சிரிப்பது, மண்டபமே சிரிப்பது என்று வரிசையாக வந்து நின்றன. ஒன்றை இழுத்துப் பாட்டுக்குப் பின்னால் ஒட்டினாள். "இதில சிரிக்கிற ஆக்கள் ஆர் பிள்ளை?" என்று கேட்டேன். அவள் பக்கத்திலிருந்த பையனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். பழைய மனுஷி, ஏதோ கேட்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

நான் சும்மா கேட்கவில்லை. நிலைய இதழுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டபோது, அந்தக் கேள்விக்கான காரணத்தையே எழுதிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். மைக்குக்கு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும், நேரத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் செய்த ஒரு பிழையை மட்டும் சொல்கிறேன். அதை நீங்கள் செய்யாமலிருந்தால் எனக்கு அது போதும்.

எஃப்.எம். வருவதற்கு முந்திய போர்க்காலம் அது. ஒரு வியாபாரி ஞாயிற்றுக்கிழமையில் அரை மணி நேரத்தை விலைக்கு வாங்குவார். அதற்குள் பாட்டு, சிரிக்க வைக்கும் பகிடி, குட்டி நாடகம், இடையிடையே அவருடைய கடைப் பெயர் எல்லாவற்றையும் அடைத்து, நாங்கள் வெளியில் நிகழ்ச்சி தயாரித்து நாடாவாகக் கொண்டுபோய் வானொலி நிலையத்தில் கொடுக்க வேண்டும். இப்படி வெளியாட்கள் தயாரிப்பது அப்போதுதான் தொடங்கியிருந்தது. நான் தயாரிப்பாளர். அப்படியென்றால் ஆட்கள் உட்காரக் கதிரை அடுக்குவதிலிருந்து விளம்பரம் எழுதுவது வரைக்கும் எல்லாம் என் தலையில் என்று அர்த்தம்.

எங்கள் விளம்பரதாரர் கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தவர். யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்து ஆள். கடையை விட்டு அசையமாட்டார். எங்கள் ஒலிப்பதிவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றபடியே முழு நிகழ்ச்சியையும் கேட்பார். அவருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஆட்கள் சிரித்து முடிக்க முன்னரே கடைப் பெயர் வந்துவிட வேண்டும். சிரித்த வாயோடு இருக்கும்போது சொன்னால்தான் பெயர் மனதில் நிற்கும் என்பது அவருடைய கணிப்பு. மனுஷன் சொன்னது சரிதான். தீபாவளிக்குக் கடையில் கால் வைக்க இடமிருக்காது.

ஆரம்பத்தில் எங்களுக்குச் சிரிப்புக்குப் பஞ்சமிருக்கவில்லை. வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடத்தினோம். புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் தங்களுடைய ஒரே விடுமுறை நாளில் குளித்து, பவுடர் போட்டு வந்து உட்காருவார்கள். தெஹிவளையிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். எங்கள் அறிவிப்பாளரே பகிடிக்காரரும். வாயைத் திறந்தாலே கைதட்டல்தான். பிறகு ஒரு ஞாயிறு, நிகழ்ச்சி முடிந்து ஆட்கள் வெளியே வர, வீதியில் பொலிஸ் சுற்றிவளைப்பு. பாட்டுக் கேட்க வந்த பொடியன்கள் பின்னேரம் வரைக்கும் விசாரணையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார்கள். அடுத்த கிழமை ஞாயிறன்று மண்டபத்தில் வெறும் கதிரைகள்தான் இருந்தன. அதற்கடுத்த கிழமை மண்டபக்காரர் கதிரையும் தரமாட்டேன் என்றுவிட்டார்.

கடற்கரைப் பக்கம் போகும் ஓர் ஒழுங்கையில், மேல்மாடி அறையொன்றை ஸ்டூடியோவாக்கினோம். ரயில் போகும்போது பாட்டை நிறுத்துவோம். போனபின் தொடங்குவோம். ஒருமுறை நிறுத்த மறந்து, காதலி "தனியாக இருக்கிறேன்" என்று உருகும்போது பாணந்துறை ரயில் குறுக்கே போனது. அதைக்கூடத் துணிக்கடை முதலாளி மன்னித்தார். ஆட்களின் சத்தம் இல்லாததை மன்னிக்கவில்லை. "என்ன பிள்ளை, செத்தவீட்டில பாட்டுப் படிக்கிற மாதிரிக் கிடக்கு. ரெண்டு கிழமை பாப்பன்," என்று தொலைபேசியில் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வாத்தியக்காரர், பாடகிகள், அறிவிப்பாளர் என்று பல வீடுகளின் அடுப்பு அந்த அரை மணி நேரத்தில் எரிந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு பழைய ஸ்பூல் நாடா நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன், சண்டை ஓய்ந்திருந்த மாதங்களில், எங்கள் குழு யாழ்ப்பாணம் போய் ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி நடத்தியது. ஆட்களின் ஆரவாரத்தைப் பிடிக்கவென்று பின்பக்கம் ஒரு மைக்கைத் தொங்கவிட்டிருந்தேன். அந்த நாடாவை எடுத்து, பிளேடால் மூன்று துண்டு வெட்டினேன். ஒரு சின்னக் கைதட்டல், ஒரு பெரிய கைதட்டல், ஒரு சிரிப்பு. இந்த மூன்று துண்டையும் வைத்து இரண்டு வருடம் ஓட்டினேன் என்றால் நம்புவீர்களா? ஓட்டினேன்.

சிரிப்புத் துண்டில் ஒரு விசேஷம் இருந்தது. மண்டபமே சிரித்து ஓய்ந்தபின் ஒரேயொரு ஆண்குரல் தனியாகத் தொடங்கும். பகிடி அவருக்குப் பிந்தித்தான் விளங்கியதோ, அல்லது விளங்கியபின் அடக்க முடியவில்லையோ தெரியாது. கிணற்றுக் கப்பி போல ஒரு கிறீச்சலோடு மூச்சை உள்ளே இழுத்து, நிறுத்தி, திரும்பவும் சிரிப்பார். அதைக் கேட்டு மற்றவர்கள் இன்னொரு முறை சிரிப்பார்கள். எங்களுக்கு அவரைத் தெரியாது. மைக்குக்கு நேர் கீழே இருந்திருக்க வேண்டும். பின்வரிசை அண்ணை என்று பெயர் வைத்தோம். தபேலாக்காரர் ஸ்டூடியோவில் அவருக்கென்று ஒரு கதிரையே போட்டு வைத்திருந்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குக் கை சும்மா இருக்காது. பிரதியில் ஒரு வரி எழுதினேன். சிரிப்பு முடியும்போது அறிவிப்பாளர் சொல்ல வேண்டும்: "பின்வரிசை அண்ணை, மூச்சை விட்டிட்டுச் சிரியுங்கோ. போன கிழமையும் இப்பிடித்தான்." உடனே அண்ணை இன்னொரு தரம் சிரிப்பார். உடனே கடைப் பெயர். எவ்வளவு பொருத்தமாக விழுந்தது என்று சொல்ல முடியாது. "வெள்ளவத்தை மண்டபத்தில் கூடியிருக்கும் ரசிகர்களே" என்ற பழைய தொடக்கத்தையும் அப்படியே விட்டுவைத்தேன். முதலாளிக்குப் பெரும் சந்தோஷம். ரசிகர் கூட்டம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தார். அவரிடம் நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பின்வரிசை ஆளுக்கென்று ஒரு நல்ல வேட்டிகூட அனுப்பிவைத்தார். அதைத் தபேலாக்காரர் கட்டிக்கொண்டார்.

நேயர் கடிதங்கள் வரும். யாழ்ப்பாணக் கடிதங்கள் கப்பலில் வந்து, கைமாறி, ஒன்றரை இரண்டு மாதம் கழித்துக் கையில் கிடைக்கும். பாதை பூட்டிக் கிடந்த காலம். அப்படி வந்த ஒன்றில் ஒரு பெண் சுருக்கமாகக் கேட்டிருந்தாள். பின்வரிசையில் சிரிப்பவர் சுகமாக இருக்கிறாரா, ஒவ்வொரு கிழமையும் வருகிறாரா, அறியத் தாருங்கள். வேறொன்றும் இல்லை. எங்கள் பகிடியில் சேர்ந்து விளையாடும் ஒரு ரசிகை என்று நினைத்தேன். கடைப் பெயர் அச்சிட்ட தபாலட்டைகள் வைத்திருந்தோம். ஒன்றை எடுத்து, "பின்வரிசை அண்ணை நல்ல சுகம். ஒரு கிழமையும் தவறவிடுவதில்லை. தொடர்ந்து கேளுங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது சிரித்துக்கொண்டே எழுதியதும் ஞாபகம் இருக்கிறது.

அந்தத் தபாலட்டையோடு அவள் கொழும்புக்கு வந்து நின்றாள்.

அன்று புதன்கிழமை. அன்றிரவே ஒலிபரப்பாக வேண்டிய தீபாவளி விசேஷ நிகழ்ச்சி. மூன்று மணிக்குள் நாடாவைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பதினொரு மணிக்கு நான் பாதி வெட்டி ஒட்டிய நிலையில் ஒலிப்பதிவு மெஷினோடு போராடிக்கொண்டிருந்தேன். கீழே யாரோ ஒரு பெண் நிற்கிறாள், பின்வரிசை அண்ணையைக் கேட்கிறாள் என்று அறிவிப்பாளர் வந்து சொன்னார். அவர் முகத்தில் பகிடி இல்லை. நான் இறங்கிப் போனேன். முப்பத்தைந்து வயதிருக்கும். மடிப்புக் கலையாத பருத்திச் சேலை, கையில் ஒரு பொலித்தீன் பை. பைக்குள் என் கையெழுத்து.

பெயர் தவமலர் என்றாள். கொட்டாஞ்சேனையில் ஊர்க்காரர் ஒருவரின் அறையில் தங்கியிருந்தாள். கிளாலியில் வள்ளத்தில் கடல் கடந்து, வவுனியாவில் பயண அனுமதிப் பாஸுக்காக ஒன்பது நாள் காத்திருந்து வந்திருந்தாள். கொழும்பில் தங்கப் பொலிஸ் பதிவு இரண்டு கிழமைக்குத்தான். அதில் பத்து நாள் போய்விட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் வானொலியில் சொன்ன மண்டபத்துக்குப் போய் வாசலில் நின்றிருக்கிறாள். காவல்காரர் சிங்களத்தில் ஏதோ சொல்லிக் கையை விரித்திருக்கிறார். பிறகு அட்டையில் இருந்த விலாசத்தைக் காட்டிக் கேட்டுக் கேட்டு இங்கே வந்திருக்கிறாள்.

அவளுடைய கணவர் லொறி ஓட்டியவர். கிழமைக்கு ஒருமுறை வெங்காயம் ஏற்றிக்கொண்டு புறக்கோட்டைக்கு வந்து போனவர். திரும்பவும் சண்டை தொடங்கிய நாட்களில் வந்த ஒரு பயணத்தில், அநுராதபுரத்தைத் தாண்டும்வரை கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு லொறியும் இல்லை, அவரும் இல்லை. மூன்று வருடம். ஊரில் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் கொடுத்து, எட்டு வயது மகள் பெடலைச் சுற்ற, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டிருக்கிறார்கள். ஒருநாள் அந்தச் சிரிப்பு வந்திருக்கிறது. மகள்தான் முதலில் கண்டுபிடித்திருக்கிறாள்.

"கடிதத்தில இதெல்லாம் ஏன் தங்கச்சி எழுதேல்லை?" என்று கேட்டேன். கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டாளாம். தான் எழுதி அவருக்கு ஏதும் கரைச்சல் வந்துவிடக் கூடாது என்று பயந்தாளாம். பிறகு அவள் சொன்னதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

"அக்கா, நான் அவரைக் கையோட கூட்டிக்கொண்டு போக வரேல்லை. இஞ்சை வேற குடும்பம் ஏதும் இருந்தாலும் நான் ஒண்டும் கேக்கமாட்டன். தூரத்தில நிண்டு கண்டிட்டுப் போறன். உயிரோட இருக்கிறார்தானே, அது காணும்."

அவளைக் கீழே கிடந்த வாங்குப் பலகையில் இருத்திவிட்டு மேலே வந்தேன். அறிவிப்பாளர் படியிலேயே நின்றிருந்தார். நல்ல மனுஷன். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "அக்கா, கனடாவுக்குப் போயிட்டார் எண்டு சொல்லுவம். விலாசம் தெரியாது எண்டு சொல்லுவம். அந்தப் பிள்ளை நிம்மதியாப் போகட்டும்," என்றார். அது எனக்குச் சரியாகவே பட்டது, மறைப்பானேன். அவளுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டேன். எனக்கும் அது வசதியாக இருந்தது. நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. மெஷினில் தீபாவளி காத்துக் கிடந்தது.

இறங்கிப் போய்ப் பொய்யைத் தொடங்கினேன். "தங்கச்சி, அவர் இப்ப கொஞ்ச நாளா வாறேல்லை," என்றேன். மிச்சத்தைச் சொல்ல விடாமல் அவள் எழும்பிவிட்டாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். நான் அவரைக் கண்டிருக்கிறேன்.

"மெலிஞ்சிட்டாரோ அக்கா?" என்று கேட்டாள்.

பிள்ளைகளே, எனக்குப் பொய் சொல்ல வராது என்று நினைக்காதீர்கள். இரண்டு வருடம் நாடு முழுவதற்கும் சொன்னவள் நான். ஆனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் பொய் இருக்கவில்லை. ஓம் என்றால் அவள் மெலிந்த கணவரோடு ஊருக்குப் போவாள். இல்லை என்றால் கொழுத்த கணவரோடு போவாள். எதைச் சொன்னாலும் அதைச் சாகும்வரை வைத்திருப்பாள். மகள் வளர்ந்ததும் கனடாவில் தேடுவாள். நான் ஒரு கதிரையில் இருத்திய ஆளை இவர்கள் இரண்டு பேரும் உலகமெல்லாம் தேடப்போகிறார்கள்.

"உள்ளுக்கை வாங்கோ தங்கச்சி," என்றேன். மேலே கூட்டிவந்தேன். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மெஷின். தீபாவளி நாடாவை அதிலிருந்து கழற்றி மேசையில் வைத்தேன். அறிவிப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். சிரிப்புத் துண்டை ஏற்றி ஓடவிட்டேன். அவள் மெஷினை நோக்கிக் குனிந்தாள். திரும்பவும் போட்டேன். திரும்பவும் போட்டேன். மூன்றாம் தரம் அவள் என்னைப் பார்த்தாள். ஒரு மனுஷன் மூன்று தரமும் ஒரே மாதிரிச் சிரிக்கமாட்டார் என்று அவளுக்கு விளங்கத் தொடங்கியிருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இது யாழ்ப்பாணத்தில் பதிந்தது, சண்டைக்கு முன்னர் பதிந்தது. மண்டபம் இல்லை, ரசிகர்கள் இல்லை. போன கிழமை சிரித்தவர் ஒருவரும் இல்லை. அந்த அட்டையை எழுதியது நான். அவள் அழவில்லை. எந்த மண்டபம் என்று கேட்டாள். சொன்னேன். பிறகு, வெட்டுவதற்கு முந்தின நாடா இருக்கிறதா, அதைக் கேட்கலாமா என்றாள். வெட்டுவதற்கு முன் முழு நாடாவையும் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன். அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்திருந்தேன்.

அந்த ஸ்பூலை ஏற்றினேன். அறிவிப்பாளரின் பழைய குரல், இளமையாக, மினிபஸ் கொண்டக்டரைப் பற்றிய ஒரு பகிடியைச் சொன்னது. மண்டபம் சிரித்தது. ஓய்ந்தது. பின்வரிசை அண்ணை தொடங்கினார். மூச்சை இழுத்தார், சிரித்தார், மற்றவர்களும் சேர்ந்தார்கள். பிறகு, நான் பிளேடு வைத்த இடம் வந்தது. அந்த இடத்தில் மைக்குக்குக் கிட்ட ஒரு பெண்குரல் விழுந்திருந்தது. சிரிப்பைக் கெடுக்கிறது என்று முதல் நாளே அதை வெட்டி எறிந்திருந்தேன். பிறகு ஒருநாளும் நினைக்கவில்லை.

"மெல்லச் சிரியுங்கோப்பா. பிள்ளை எழும்பப்போறாள்," என்றது அந்தக் குரல்.

"அது நான்," என்றாள் தவமலர்.

அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். அறிவிப்பாளர் வெளியே போய் நின்றுகொண்டார். அழுகைக்கு நடுவே சொன்னாள். அன்றைக்கு லொறிக்கு ஓட்டம் இல்லையாம். குழந்தைக்கு இரண்டு வயது. அவர் தோளில் போட்டுக்கொண்டு வந்தாராம். முன்னால் இடம் இருந்தும், பிள்ளை அழுதால் வெளியே கொண்டுபோக வசதி என்று பின்வரிசையில் இருந்தார்களாம். இரண்டு வருடம் ரேடியோவில் அவரைக் கேட்டும் அது அந்த நாள்தான் என்று தனக்குத் தோன்றவே இல்லையாம். "நானும் பக்கத்தில இருந்திருக்கிறன் அக்கா," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இனி அந்தச் சிரிப்பை ஒலிபரப்பமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதைத்தான் அவள் கேட்பாள் என்று நினைத்தேன். வேண்டாம், நிறுத்தாதேங்கோ என்றாள். மகளுக்கு அப்பாவின் குரல் என்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். ஆனால் அப்பா கொழும்பில் இருக்கிறார் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. தான் வாயால் சொன்னால் மகள் நம்பமாட்டாள், ரேடியோதான் அவர் இருக்கிறார் என்று சொன்னது, ரேடியோவே சொல்லட்டும் என்றாள். தன்னுடைய குரலையும் சேர்த்துப் போடச் சொன்னாள். இந்த ஞாயிறே போடுகிறேன் என்று நான் அவசரப்பட்டேன். அவள் தலையை ஆட்டினாள்.

"நான் இஞ்சை நிக்கேக்கை போட்டா, அம்மா அப்பாவைக் கண்டுபிடிச்சிட்டா எண்டெல்லோ அவள் நினைப்பாள். நான் வீட்டை போய்ச் சேந்தாப் பிறகு போடுங்கோ. பக்கத்தில இருந்து கேக்கிறன்."

வானொலியில் அத்தனை வருடம் இருந்த எனக்கு அது தோன்றவில்லை. ஒரு சத்தம் காற்றில் போனால் எந்த வீட்டில், எந்த நேரத்தில், யாருடைய காதில் விழும் என்று நான் அதுவரைக்கும் யோசித்ததே இல்லை. மொத்தமாக 'நேயர்கள்' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு காலத்தைக் கடத்தியிருக்கிறேன். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். அதை எனக்குச் சொல்லித் தந்தவள் வெங்காய லொறிக்காரரின் மனைவி.

தீபாவளி நாடாவை அறிவிப்பாளர் முச்சக்கரவண்டியில் கொண்டு ஓடிக் கொடுத்தார். சிரிப்பு இல்லாமல், கைதட்டல் இல்லாமல், வெறும் பாட்டாகத்தான் போனது. மறுநாள் தவமலரைப் புறக்கோட்டையில் வவுனியா பஸ்ஸில் ஏற்றினேன். சோதனைகளில் கேள்வி வரும் என்று, நான் பதிந்து தர இருந்த கசெட்டைக் கொண்டுபோகப் பயந்தாள். அந்தத் தபாலட்டையை என்னிடம் திருப்பித் தந்தாள். நான் கேட்கவில்லை. "இது இனி எனக்குத் தேவையில்லை," என்று மட்டும் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பஸ் போனதும் அப்படியே நடந்து துணிக்கடைக்குப் போனேன். செத்தவீட்டுத் தீபாவளியைப் பற்றி அவர் தொடங்குமுன் நானே எல்லாவற்றையும் சொன்னேன். நிகழ்ச்சி போனால் போகட்டும் என்றுதான் போனேன். அவர் முழத்தடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "அப்ப நான் அனுப்பின வேட்டி?" என்றார். தபேலாக்காரர் கட்டுகிறார் என்றேன். முழத்தடியைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு, அந்தப் பெண் சொன்னபடியே செய்யச் சொன்னார். அவளுடைய குரல் முடிந்து கொஞ்சம் பொறுத்துக் கடைப் பெயரைச் சொன்னால் போதும் என்றார். அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும்.

இரண்டு மாதம் காத்திருந்தோம். அதுவரைக்கும் சிரிப்புத் துண்டைத் தொடவில்லை. வந்து சேர்ந்துவிட்டேன் என்று நாலு வரியில் கடிதம் கிடைத்த அந்தக் கிழமை போட்டோம். "வெள்ளவத்தை மண்டபத்தில்" என்ற தொடக்கத்தை எடுத்துவிட்டேன். நான் எழுதிய புதிய வரியை அறிவிப்பாளர் பகிடி எதுவும் சேர்க்காமல் வாசித்தார். இது பல வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் நாங்கள் பதிந்த சிரிப்பு, அன்று வந்து சிரித்த ஒவ்வொருவரையும் இன்று அன்போடு நினைக்கிறோம். பிறகு சிரிப்பு. பிறகு அவளுடைய குரல், வெட்டாமல்.

நீங்களும் சிரிப்புப் போடுங்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் இல்லாத ஆளை இருக்கிறார் என்று சொல்லாதீர்கள். பகிடிக்குக்கூட. நம்பிக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு வீடு எங்கேயாவது இருக்கும். கடிதம் வந்தால், இப்போது அது எந்த வடிவில் வந்தாலும், இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

அந்த ஒலிபரப்புக்குப் பிறகு தவமலரிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அதுவும் கப்பலில், இரண்டு மாதம் கழித்து. கடைசிப் பகுதியை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்கள் போட்டதைக் கேட்டோம் அக்கா. மகள் பெடலைச் சுற்றிக்கொண்டுதான் கேட்டாள். என் குரல் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நிகழ்ச்சி முடியும் வரைக்கும் பெடலை நிறுத்தவில்லை. முடிந்த பிறகு, 'அந்தப் பிள்ளை நானோ அம்மா?' என்று கேட்டாள். ஓம் என்றேன். 'எழும்பினனானோ?' என்று கேட்டாள். இல்லையம்மா, அப்பா அவ்வளவு சிரித்தும் நீ எழும்பவில்லை, வீடு வரைக்கும் அவர் தோளிலேயே நித்திரையாக வந்தாய் என்று சொன்னேன்."